இரண்டாவது ஆசை

சிவப்புக் காய் குழியின் வாயில் நின்றது. லேசாகத் தட்டினால் விழுந்துவிடும். ஜெபசீலி ஸ்டிரைக்கரை வைத்தாள், குறி பார்த்தாள், பிறகு மணிக்கட்டைப் பார்த்தாள். எழுந்துவிட்டாள்.

"ஏட்டி, சிவப்புட்டி," என்றாள் இசக்கியம்மாள்.

"தூக்கம்னு காட்டுது. நாலு புள்ளி." ஜெபசீலி கையை உயர்த்தி மானியைக் காட்டினாள்.

காட்டிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. மானியைக் காட்டிவிட்டுக் கிளம்புகிறவரிடம் கோபித்துக்கொள்வது அநாகரிகம் என்று எல்லாரும் ஏற்றுக்கொண்ட காலம் அது. கல்யாண வீட்டில் தாலி கட்டுவதற்கு முன்பே பாதிக் கூட்டம் கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போயிருக்கும். டீக்கடைகளில் முழு டீ போடுவதை நிறுத்திவிட்டார்கள். பாதிக்குமேல் யாரும் குடிப்பதில்லை.

கருவியின் முழுப்பெயர் வாய்ப்புமானி. காதுக்குப் பின்னால் ஒரு மெல்லிய ஒட்டு, மணிக்கட்டில் ஒரு சின்னத் திரை. மனம் ஒவ்வொரு கணமும் பல ஆசைகளை எடைபோடுகிறது. வென்ற ஆசையை நாம் செய்துகொண்டிருக்கிறோம். தோற்றவற்றில் முதலில் நிற்பது எதுவோ, அதை மானி ஒற்றைச் சொல்லில் காட்டும். பக்கத்தில் அதன் வலிமைக்கேற்ப ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளிகள்.

பொருளியல் மாணவர்களுக்கு இது புதிதல்ல. ஒன்றைத் தேர்ந்தால் கைவிட நேர்கிற அடுத்த நல்லது எதுவோ, அதுவே தேர்ந்ததன் உண்மையான விலை என்று முதலாண்டுப் பாடத்திலேயே வருகிறது. பாடத்தில் வராத ஒன்றும் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் இரண்டாவது ஆசைக்கு மவுசு கூடிவிடும். ஜெபசீலி இப்போது விடுதிக்குப் போய்ப் படுப்பாள். படுத்ததும் மானி 'கேரம்' என்று காட்டும்.

"இன்னைக்கும் பாதி ஆட்டந்தான்," என்றான் பீர்முகம்மது. அவன் மானி 'புரோட்டா' என்றது. அவனும் கையை உயர்த்தினான்.

"ஏலே, நீயுமா? இப்பதானல தின்னுட்டு வந்த."

"நானா சொல்லுதேன்? மானி சொல்லுது."

துறையின் பொது அறையில், கேரம் பலகையைச் சுற்றி இரண்டு பேர் மிஞ்சினார்கள். இசக்கியும் வேதமாணிக்கமும்.

எம்.ஏ. இரண்டாமாண்டில் வேதமாணிக்கம்தான் மூத்தவர். மற்றவர்களைவிட ஏழெட்டு வயது கூடுதல். எங்கோ வேலை பார்த்துவிட்டு மறுபடியும் படிக்க வந்தவர். வகுப்பே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டது. அதற்குமேல் அவரைப் பற்றி யாருக்கும் தெரியாது. விசாரிக்கத் தொடங்கினால் இரண்டாவது கேள்விக்குள் கேட்கிறவரின் மானி மின்னிவிடும்.

அவராக யாரையும் எதற்கும் கூப்பிட மாட்டார். யார் கூப்பிட்டாலும் "சரி" என்பார். கேரம், சினிமா, தண்ணீர்த் தொட்டி கழுவுவது, எல்லாவற்றுக்கும் அதே சரி.

இசக்கி எட்டிப் பார்த்தாள். அவர் மணிக்கட்டில் திரை இருட்டாக இருந்தது. எப்போதும்போல.

"அண்ணாச்சிக்குக் காலி," என்றாள்.

"ஆமா," என்றார் அவர், சிவப்பைக் குழிக்குள் தட்டிவிட்டு.

மாணவர்கள் அதைக் காலி என்பார்கள். மானியைத் தயாரிக்கும் நிறைவகம் நிறுவனம் அதற்கு வைத்த பெயர் முழுநிறைவு. செய்கிற காரியத்தைத் தவிர வேறெதுவுமே வேண்டியிராத கணம். சராசரி மனிதருக்கு எப்போதாவது சில நொடிகள் காலி விழும். தாகத்தில் குடிக்கும் முதல் மடக்குத் தண்ணீருக்கு விழும். புள்ளியியல் வகுப்பில் காலி விழுந்த மனிதரை இசக்கி வேறெங்கும் கண்டதில்லை.

அவளுடைய ஆய்வேட்டின் தலைப்பே அதுதான்: காலித் திரையும் மனநிறைவும். அதற்காக விடுதியில் பலருடைய மானிகளையும் குறித்து வைத்திருந்தாள்.

இசக்கியின் நாள் விடியும்போதே ஓட்டத்தில் தொடங்கும். காலையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன். பிறகு வகுப்பு. இடைவேளையில் துறைச் சங்கச் செயலாளர் வேலை: நாற்காலி எண்ணுவது, பேனர் கட்டுவது, யாரோ தூக்கிப்போன மைக்கைத் தேடுவது. மதியம் நூலகம். மாலை கேரம். ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் நீச்சல். நீந்தும்போது மானி 'ஆய்வேடு' என்று காட்டும். ஆய்வேடு எழுதும்போது 'ஆறு' என்று காட்டும். அதைப் பார்த்துச் சிரித்துக்கொள்வாள். அவளுக்கு ஓட்டம் பிடித்திருந்தது. குறையென்று சொல்ல எதுவுமில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பதற்றம் இருந்தது. மானியைப் பற்றிய சிறந்த ஆய்வேட்டுக்கு நிறைவகம் தன் சென்னை ஆய்வுக்கூடத்தில் ஓர் இடம் தருவதாக அறிவித்திருந்தது. கிடைத்தால் அங்கேயே முனைவர் பட்டம் வரை படிக்கலாம். கிடைக்காவிட்டால் அப்பா பேசி வைத்திருக்கும் கூட்டுறவு வங்கி வேலை. அவளுக்கு அந்த இடம் வேண்டும். மானி காட்டாமலே தெரிந்தது.

அதற்காக வேதமாணிக்கத்தைப் பின்தொடர்ந்தாள். அவரிடம் சொல்லிவிட்டுத்தான். அவரும் "சரி" என்றார்.

பாளையங்கோட்டை பஸ்ஸுக்கு வெயிலில் நிற்கும்போது காலி. விடுதி உப்புமா சாப்பிடும்போது காலி. அலுவலக கிளார்க் தன் மூட்டுவலியை முதலிலிருந்து சொல்லும்போதும் காலி. இசக்கி வியந்துபோனாள். இப்படி ஒரு மனிதர் இருக்க முடியுமா? உப்புமாவில் நிறைவு காணும் மனிதர்.

முதல் கருத்தரங்கில் அவர் பெயரைச் சொல்லாமல் முடிவை மட்டும் வாசித்தாள். காலி என்பது நிறைவு. அதைப் பழகி அடையலாம். அடைந்த ஒருவர் நம்மிடையே இருக்கிறார்.

யாரென்று கண்டுபிடிக்க வகுப்புக்கு அரை நாள்கூட ஆகவில்லை. மறுநாளிலிருந்து பாதி விடுதி அண்ணாச்சியைப்போல நடந்தது, அண்ணாச்சியைப்போல மென்றது. அவர் உட்காரும் பெஞ்சுக்கு அடிதடி. எதைக் கேட்டாலும் எல்லாரும் "சரி" என்றார்கள், செய்யத்தான் யாருமில்லை.

"அண்ணாச்சி மாதிரியே உப்புமாவ மெதுவாத்தான் தின்னுதேன்," என்றான் பீர்முகம்மது. "மானியில புரோட்டான்னுதான் வருது."

"மென்னுக்கிட்டே மானியப் பாத்தா அப்படித்தான்ல வரும்," என்றாள் ஜெபசீலி.

"பாக்காம எப்படிட்டி காலி விழுந்துதா இல்லையான்னு தெரியும்?"

கேட்டுவிட்டு அவனே மானியைப் பார்த்தான்.

நிறைவகத்திலிருந்தும் செய்தி வந்தது. இறுதிக் கருத்தரங்குக்கு அவர்களே நேரில் வருகிறார்கள். முடிவு மிகவும் பிடித்துப்போய்விட்டது. இனி ஒரே ஓர் அத்தியாயம்தான் பாக்கி: அந்த மனிதர் அதை எப்படிச் செய்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நண்பகல் தாண்டிய நேரம், இசக்கி ஆற்றிலிருந்து ஏறி வந்தாள். வேதமாணிக்கம் படித்துறையில் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார். அவள்தான் காவலுக்குக் கூப்பிட்டிருந்தாள். ஜெபசீலியும் பீர்முகம்மதுவும் வழக்கம்போலப் பாதியில் கிளம்பியிருந்தார்கள்.

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணாச்சி, ஒரு கேள்வி. தீசிஸுக்கு."

"சரி."

"உங்க மானி கடைசியா என்ன காட்டுச்சு?"

அவர் யோசிக்கவில்லை.

"வீடு."

"எப்போ?"

"ஆஸ்பத்திரியில. சுகிர்தாவச் சேர்த்திருந்தோம். என் வீட்டுக்காரி." அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பக்கத்துல உக்காந்திருந்தேன். அவளக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிரணும்னு காட்டிக்கிட்டே இருந்துச்சு. அஞ்சு புள்ளி. ராத்திரி பூரா எரிஞ்சுது."

இசக்கி துண்டைக் கீழே இறக்கினாள்.

"விடியக்காலம் அணைஞ்சுது. பேட்டரி போயிட்டுன்னு நினைச்சேன். எல்லாம் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சுக் கடையில குடுத்தேன். நல்லாத்தான் இருக்குன்னான்."

படித்துறையின் கடைசிப் படியில் தண்ணீர் ஏறி இறங்கியது. இசக்கியின் முடியிலிருந்து சொட்டிய ஈரம் கல்லில் விழுந்து காய்ந்தது.  சொல்லக் கூடாததுதான் வாயில் வந்தது.

"அப்ப என் தீசிஸ்..."

"தப்பு," என்றார். கொஞ்சம் சிரித்தார். "ஆனா அட்டவணையெல்லாம் அழகா போட்டிருக்க."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி?"

"நீ கேக்கல. எழுதிக்கிட்டிருந்த. சந்தோசமா எழுதிக்கிட்டிருந்த."

"அப்ப கேரம்? அதுவும் பிடிக்காமத்தான் வாறீங்களா?"

"பிடிக்குது பிடிக்கலன்னு இல்ல. கூப்பிட்டீங்க, வந்தேன். வரப்படாதுன்னும் தோணல." கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "காயத் தட்டுறது கைக்கு ஒரு வேல."

இசக்கி படியில் உட்கார்ந்தாள். ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவது ஆள் கண்ணில் படவில்லை என்றால் முதல் ஆள் அவ்வளவு வேகமாக ஓடிவிட்டான் என்று அவள் எழுதி வைத்திருந்தாள். ஓட வேறு யாரும் வரவில்லை என்றும் இருக்கலாம். இரண்டுக்கும் திரை ஒன்றுபோலத்தான் இருட்டும். பொருளியல் படித்த ஒருத்தி செய்யக்கூடிய தப்புதான். இழப்பு பூச்சியம் என்றதும் லாபம் என்று எழுதிவிட்டாள்.

"இத நான் அங்க சொல்லலாமா? பேரு சொல்லமாட்டேன்."

"சரி," என்றார் வேதமாணிக்கம்.

இறுதிக் கருத்தரங்குக்கு அரங்கம் நிறைந்திருந்தது. நாற்காலிகளை இசக்கியே எண்ணிப் போட்டிருந்தாள். நிறைவகத்திலிருந்து வந்த சம்யுக்தா சென்னைக்காரர், கலகலப்பாகப் பேசுகிறவர்.

"உங்க யூனிவர்சிட்டிக்கு நாங்க தேங்க்ஸ் சொல்லணும்," என்று தொடங்கினார். "காலின்னா நிறைவுன்னு இசக்கி கண்டுபிடிச்சாங்க. அப்புறம் நாங்க யோசிச்சோம். ஒவ்வொருத்தரும் அதுக்காக ஏன் கஷ்டப்படணும்? இப்ப நிறைவுப் பதிப்பு ரெடி. உங்க மானிய ஒரு தடவ தொட்டா போதும். இனிமே எப்பவும் காலிதான். ப்ரீ."

அரங்கம் கைதட்டியது. பீர்முகம்மது விசிலடித்தான்.

"இப்ப இசக்கி பேசுவாங்க. பேசி முடிச்சதும் அவங்களுக்கு ஒரு நல்ல சேதி இருக்கு."

இசக்கி மேடையேறினாள். தாள்களைப் பார்க்கவில்லை. காலிக்கு இரண்டு பொருள் உண்டு என்றாள். ஒன்று, வேறெதுவும் வேண்டாம் என்ற நிலை. இன்னொன்று, வேண்டும் என்று சொல்ல எதுவுமே மிஞ்சாத நிலை. மானிக்கு இரண்டும் ஒன்று. பெயர் சொல்லாமல் ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னாள். வீடு என்று எரிந்த ஐந்து புள்ளிகளைச் சொன்னாள். சுருக்கமாகத்தான் பேசினாள். கடைசி வரிசையில் வேதமாணிக்கம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதனால முதல்ல நான் சொன்ன முடிவத் திரும்ப எடுத்துக்கிடுதேன்," என்று முடித்தாள்.

கைதட்டல் வரவில்லை. சம்யுக்தா மேடையோரமாக வந்து நின்றார். மைக்கில் பேசவில்லை. ஆனால் பாதி அரங்கத்துக்குக் கேட்டது.

"இசக்கி, பாவம் அவர். கேக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா அவர் ஒரே ஒருத்தர். உங்க ஆய்வுல எத்தன பேர் இருக்காங்க? அவர மட்டும் எடுத்துடுங்க. மத்தபடி உங்க பழைய முடிவு அப்படியே நிக்குமே. சென்னையில இடம் ரெடியா இருக்கு."

சொன்னதில் கணக்குப்படி தவறில்லை. சராசரியிலிருந்து விலகி நிற்கும் ஒருவரை நீக்குவது வழக்கம்தான். இசக்கியே போன பருவத்தில் இரண்டு பேரை நீக்கியிருக்கிறாள். அவளுடைய மானி மின்னியது. அவள் குனிந்து பார்க்கவில்லை. அது என்ன காட்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"அவர எடுக்க முடியாது மேடம்."

"ஏன்?"

இசக்கி காரணம் தேடினாள். ஆய்வுமுறையில் நிறையக் காரணங்கள் இருந்தன. அவசரத்தில் ஒன்றும் அகப்படவில்லை.

"அவரு என் கேரம் பார்ட்னர்," என்றாள்.

முன்வரிசை சிரித்தது. சம்யுக்தாவும் சிரித்தார், கெட்ட மனதில்லாத சிரிப்பு. தோளைக் குலுக்கிவிட்டுத் தன் உதவியாளருக்குச் சைகை காட்டினார். நல்ல சேதி அவர் கைப்பைக்குள்ளேயே இருந்துவிட்டது.

உதவியாளர் தொடுகோலுடன் வரிசை வரிசையாக வந்தாள். ஒவ்வொரு மணிக்கட்டிலும் கோலை ஒரு நொடி வைத்து எடுத்தாள். திரைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. புரோட்டா அணைந்தது. தூக்கம் அணைந்தது. பேராசிரியரின் 'ராஜினாமா' அணைந்தது. அணைந்த ஒவ்வொரு முகத்திலும் ஓர் அமைதி வந்து உட்கார்ந்தது. புதிய பதிப்பு ஆசை எதையும் நிறுத்தவில்லை. காட்டுவதைத்தான் நிறுத்தியது. ஆனால் அந்த ஊரில் மானியைப் பாராமல் தன் ஆசையை அறிந்தவர்கள் ஒன்றிரண்டு பேருக்குமேல் மிஞ்சியிருக்கவில்லை.

கடைசி வரிசைக்கு வந்தாள்.

"உங்களுக்கும் வைக்கட்டுமா சார்?"

"சரி," என்று கையை நீட்டினார் வேதமாணிக்கம்.

கோல் இறங்கியது. தொடுவதற்கு விரலகலம் இருக்கும்போது அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம்மா."

"ப்ரீதான் சார்."

"இல்ல. வேண்டாம்."

அவர் யாரிடமும் எதையும் வேண்டாம் என்று சொல்லி வகுப்பில் ஒருவரும் கேட்டதில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். அவர்கள் தங்கள் காலித் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சம்யுக்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த கல்லூரிக்கு நேரமாகிவிட்டது. அவருடைய மணிக்கட்டில் எதுவும் இல்லை என்பதை இசக்கி அப்போதுதான் கவனித்தாள். கார் கிளம்பிய சத்தம் கேட்டது.

கருத்தரங்கு முடிந்தது. துறை உதவியாளர் மைக்கை எடுத்தார், ஜன்னல்களைச் சாத்தினார், மின்விசிறிகளை நிறுத்தினார். யாரும் எழவில்லை. பீர்முகம்மது மணிக்கட்டைப் பார்த்தான். ஒன்றுமில்லை. நிம்மதியாகச் சாய்ந்துகொண்டான். ஜெபசீலி பார்த்தாள். ஒன்றுமில்லை. எழுந்து போகச் சொல்ல எதுவும் இல்லை.

"ஏட்டி ஜெபா, வாட்டி," என்றாள் இசக்கி மேடையிலிருந்து இறங்கி.

"எங்க?" என்றாள் ஜெபசீலி. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். முகம் மலர்ந்திருந்தது.

நிறைந்த அரங்கத்தில் ஒரு நாற்காலி மட்டும் கிரீச்சிட்டது. வேதமாணிக்கம் எழுந்து, மடங்கிய முழங்கால்களைத் தாண்டித் தாண்டி, நடைவழிக்கு வந்தார். இசக்கியின் முன்னால் நின்றார். எதையோ சொல்லப் பழக்கமில்லாதவர்போலக் கொஞ்சம் தடுமாறினார். பிறகு கையை உயர்த்திக் காட்டினார்.

திரையில் ஒரு சொல் எரிந்தது. கேரம். பக்கத்தில் ஒரே ஒரு புள்ளி, அதுவும் மங்கல்.

"போர்டு போடுவோமா?" என்றார்.

அவராக அழைத்த முதல் அழைப்பு அது.

"சரி," என்றாள் இசக்கி.

பொது அறையில் வெயில் சாய்ந்து விழுந்திருந்தது. பலகையில் பவுடர் தூவினார்கள். நான்கு பேர் ஆடும் ஆட்டத்தை இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடினார்கள். இசக்கியின் கை சரியில்லை. மூன்று முறை ஸ்டிரைக்கரையே குழிக்குள் போட்டு, எடுத்த காயைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இடம் போச்சுன்னு குறி தப்புதோ?"

"வங்கி வேலைக்குப் போவதுக்கு முன்னாடி பிராக்டீஸ் பண்ணுதேன். குடுக்கிறது மட்டுந்தான அங்க வேல."

அவர் சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மணிக்கட்டைப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தார்.

"என்னண்ணாச்சி?"

"டீன்னு காட்டுது." அதைத் தனக்கே படித்துக் காட்டுவதுபோல மெதுவாகச் சொன்னார். "ரெண்டு புள்ளி."

"போவோமா?"

வேதமாணிக்கம் பலகையைப் பார்த்தார். சிவப்பு இன்னும் நடுவில் இருந்தது.

"ஆட்டம் முடியட்டும். அப்புறம் போவோம்."

ஸ்டிரைக்கரை வைத்தார். இரண்டு புள்ளிகளும் அவர் கையில் எரிந்துகொண்டிருந்தன. குடிக்காத டீயின் ஆசையோடு நிதானமாகக் குறி பார்த்தார். தாழ்வாரத்துக்கு அப்பால், சாத்திய ஜன்னல்களுக்குப் பின்னால், நிறைந்த அரங்கம் நிறைந்தபடியே உட்கார்ந்திருந்தது.